அம்லோடிபின் 5 போதவில்லை: 10 ஆக்குவதா, கூட ஒன்று சேர்ப்பதா, காம்பினேஷனா?

மருந்துக்கடை கவுன்டருக்கு உள்பக்கம் நின்று பதினெட்டு வருஷமாகிறது. மாதத்தின் முதல் வாரம் வருகிற சீட்டுகளில் பாதிக்கு மேல் சுகரும் பிரஷரும்தான். அதில் ஒரே கேள்வி ஆள் மாறி ஆள் மாறி வரும்: "ஒரு மாத்திரை போட்டும் 150-க்குக் கீழ இறங்க மாட்டேங்குது. டாக்டர் டோஸை ஏத்தலாம்ங்கிறார். எங்க மச்சான் ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரை போடறார், அதைக் கேக்கலாமா?" இப்போது மெசேஜிலும் இதைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். தலைப்பில் உள்ள அம்லோடிபின் அடிக்கடி எழுதப்படும் ஒரு பிரஷர் மாத்திரை, 5, 10 என்பது மில்லிகிராம் அளவு.

நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டாம். ஆனால் டாக்டர் முன்னால் உட்காரும் ஐந்து நிமிஷத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்து போனால் அந்த ஐந்து நிமிஷம் வீணாகாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்து ஒன்றைக் குறைந்த அளவில் சேர்ப்பதுதான் லாபம். எதோடு எதைச் சேர்ப்பது, தனித்தனியாகவா ஒரே மாத்திரையாகவா என்று வரும்போதுதான் காசு, கால், கிட்னி மூன்றும் உள்ளே நுழைகின்றன.

அதற்கு முன்னால்: மாத்திரை நிஜமாகவே போதவில்லையா?

ஒரு அட்டையில் 15 மாத்திரை என்றால் மாதத்துக்கு இரண்டு அட்டை போக வேண்டும். இரண்டு அட்டை வாங்கிப்போனவர் ஏழாவது வாரம் வந்து "பிரஷர் குறையலைப்பா" என்றால் எனக்குக் கணக்கு புரிந்துவிடும், ஆனால் கூட்டத்தில் வைத்துக் கேட்க முடியாது. டாக்டருக்கு அந்த அட்டைக் கணக்கு தெரியாது, அவர் டோஸை ஏற்றிவிடுவார். அப்புறம் திடீரென்று ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் தலைசுற்றல்.

மூட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாமே பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். இருமலுக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் மெல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உடம்பில் உப்பைத் தக்கவைத்துப் பொட்டாசியத்தை இறக்கும், பிரஷர் ஏறும். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: இந்துப்பும் சோடியம் குளோரைடுதான்.

அளக்கிற விதமும் முக்கியம். படியேறி வந்த மூச்சோடு, காபி குடித்த கையோடு, பேசிக்கொண்டே அளந்தது கணக்கில் சேராது. ஐந்து நிமிஷம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, சிறுநீர் போய்விட்டு வந்து, கை இதய மட்டத்தில் இருக்க, காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு தடவை, ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். கிளினிக்கில் 140/90 என்பது வீட்டில் சுமார் 135/85-க்குச் சமம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறியே இருந்தால்தான் கீழே சொல்லும் கேள்வியே வருகிறது.

எதை வைத்து எடை போடுவது

முதலில், இன்னும் எவ்வளவு இறங்க வேண்டும். 144-ஐ 138 ஆக்குவது ஒரு வேலை, 168-ஐ 130 ஆக்குவது வேறு வேலை. மேல் பிரஷர் இலக்கைவிட 20, கீழ் பிரஷர் 10 அதிகமாக இருந்தால் ஒரு மருந்து மட்டும் போதாது என்பது பல வருஷமாகவே வழிகாட்டிகளில் இருக்கிற கணக்கு. இரண்டாவது, ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியாட்டினினும் (கிட்னி வேலை செய்வதைக் காட்டும் எண்) பொட்டாசியமும். இந்த இரண்டு எண் தெரியாமல் இரண்டாவது மருந்தைப் பற்றிப் பேசுவதே வீண். மூன்றாவது, சுகர், இதய நோய், சிறுநீரில் புரதம், கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலி) மாதிரி கூடவே என்ன இருக்கிறது. நான்காவது, எந்தப் பக்க விளைவை உங்களால் தாங்க முடியும். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்குக் கால்வீக்கம் பெரிய விஷயம், நீண்ட தூரம் பஸ்ஸில் போய்வருபவருக்கு அடிக்கடி சிறுநீர் வருவது பெரிய விஷயம். கடைசியாக, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார், மாதாமாதம் காசு எவ்வளவு.

வழி 1: இருப்பதையே ஏற்றுவது

கேட்பதற்கு இதுதான் எளிது. புது மருந்து இல்லை, புதுப் பயம் இல்லை, அதே அட்டைதான், எண் மட்டும் மாறுகிறது. ஆனால் மருந்தின் கணக்கு மளிகைக் கணக்கு இல்லை. 5-க்கு இவ்வளவு இறங்கினால் 10-க்கு அதைப்போல் இரண்டு மடங்கு இறங்கும் என்று நாம் நினைக்கிறோம், அப்படி நடப்பதில்லை.

லண்டனில் மால்கம் லா, நிக்கலஸ் வால்ட் குழு 354 ஆய்வுகளை, சுமார் 56,000 பேரின் தகவல்களை, ஒன்றாகச் சேர்த்து 2003-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் இந்த விஷயத்துக்கு அடிப்படை. ஒரு மருந்தை வழக்கமான முழு அளவில் கொடுத்தால் மேல் பிரஷர் சராசரியாக 9.1 பாயின்ட் இறங்கியது. அதில் பாதி அளவு கொடுத்தபோது 7.1 இறங்கியது. அதாவது மருந்தைப் பாதியாக வெட்டினாலும் பலனில் முக்கால் பங்குக்கு மேல் கையில் நிற்கிறது. பக்க விளைவு அப்படி இல்லை, அம்லோடிபின் வகையிலும் நீர் மாத்திரை (உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை) வகையிலும் அது டோஸோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஏறுகிறது. 2009-இல் வந்த இன்னொரு தொகுப்பு, 42 ஆய்வுகள், சுமார் 11,000 பேர்: வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது, அதே மருந்தை இரட்டிப்பாக்குவதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதல் பலன் தந்தது. எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை, ஆனால் வருஷக்கணக்காகச் சீட்டுகளைப் பார்த்ததில் கணக்கு பொருந்தித்தான் போகிறது.

இதன் மறைமுகச் செலவை ஒரு ஆளைக் காட்டிச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர். அம்லோடிபின் 5-இல் இருந்தவருக்கு 10 எழுதினார்கள். மூன்றாவது வாரம் கவுன்டர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "செருப்பு வார் போட முடியல தம்பி" என்றார். வீக்கத்துக்கு ஒரு கிளினிக்கில் ஃபுரோசெமைடு என்ற நீர் மாத்திரை எழுதினார்கள். ராத்திரி நாலு தடவை பாத்ரூம். பொட்டாசியம் இறங்கிக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, அதற்கு ஒரு சிரப். கால் வலிக்கு ஒரு வலி மாத்திரை, அது பிரஷரை மறுபடி ஏற்றியது. ஒரு மாத்திரையில் ஆரம்பித்த மனுஷனின் பையில் ஐந்து மருந்து. வீக்கம் மட்டும் போகவில்லை, ஏனென்றால் அது உடம்பில் தண்ணீர் மிகுந்து வந்த வீக்கம் கிடையாது. அம்லோடிபின் ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் சின்னக் குழாயை அகலமாக்குகிறது, வெளியே கொண்டுபோகும் சிரையை அப்படியே விட்டுவிடுகிறது. வரத்து வாய்க்காலை அகலப்படுத்திவிட்டு மதகைத் திறக்காமல் விட்டால் ஏரிக்கரை கசியத்தானே செய்யும்.

டோஸை ஏற்றுவதே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். டெல்மிசார்டனில் (பெயர் "சார்டன்" என்று முடியும் வகை) 40-இலிருந்து 80-க்குப் போனால் பக்க விளைவு அவ்வளவாகக் கூடுவதில்லை. சுகரால் கிட்னி பாதித்துச் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு அந்த மருந்தைத் தாங்கக்கூடிய உச்ச அளவுக்குக் கொண்டுபோவதுதான் முறை, பிரஷர் எண் அங்கே இரண்டாம் காரணம். இலக்குக்கு ஐந்தாறு பாயின்ட்தான் பாக்கி என்றாலும் இது நியாயமான வழி.

வழி 2: வேறு மருந்துக்கு மாறுவது

பிரஷர் இறங்கவில்லை என்பதற்காக மட்டும் ஒன்றை நிறுத்தி இன்னொன்றுக்குத் தாவுவதில் பெரிய லாபம் இல்லை, மறுபடி ஒரு மருந்திலேயே நிற்பீர்கள். பக்க விளைவுக்காக மாறினால் அர்த்தம் உண்டு. ராமிப்ரில், எனலாப்ரில் (பெயர் "ப்ரில்" என்று முடியும் வகை) போட்டு வறட்டு இருமல் வந்தால் டெல்மிசார்டன், லோசார்டன் பக்கம் போகலாம். அந்த இருமலுக்கு மூன்று பாட்டில் சிரப் குடித்துவிட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கால் வீங்கினால் அம்லோடிபினுக்குப் பதில் சில்னிடிபின் என்று நம்மூரில் நிறைய எழுதுகிறார்கள், அதில் வீக்கம் குறைவு.

இருபது வருஷமாக, இதயத் துடிப்பைக் குறைக்கும் பழைய மாத்திரையான அட்டெனலால் மட்டுமே போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு தடவை டாக்டரிடம் கேட்பது நல்லது. 19,257 பேரை வைத்து நடந்த, 2005-இல் வெளியான ஆஸ்காட் ஆய்வில், அம்லோடிபினில் தொடங்கித் தேவைப்பட்டால் பெரிண்டோப்ரில் சேர்த்தவர்களுக்கு, அட்டெனலாலில் தொடங்கி நீர் மாத்திரை சேர்த்தவர்களைவிடப் பக்கவாதம் குறைவு, புதிதாகச் சுகர் வருவதும் குறைவு. ஆனால் அட்டெனலாலை மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், நெஞ்சு படபடத்துப் பிரஷர் எகிறும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

வழி 3: இன்னொரு மாத்திரை, தனியாக

ஆய்வு சொல்லும் லாபம் இங்கே முழுசாகக் கிடைக்கிறது, கட்டுப்பாடும் உங்கள் கையிலேயே இருக்கிறது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது சுலபம், ஒன்றை மட்டும் கூட்டலாம், ஒன்றை மட்டும் நிறுத்தலாம். வெயில் காலத்தில் வாந்தி பேதியாகி உடம்பு வற்றிப்போனால் டெல்மிசார்டனையும் நீர் மாத்திரையையும் இரண்டொரு நாள் நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கிட்னிக்கு அடி. தனித்தனி அட்டை என்றால் அம்லோடிபினைத் தொடர்ந்துகொண்டு மற்றதை நிறுத்திவைக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் கிடைக்கும், காசும் இல்லை. ஜெனரிக்காக வெளியில் வாங்கினாலும் இதுதான் மலிவு.

மறைமுகச் செலவு மறதி. ஏற்கெனவே சுகருக்கு மூன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று என்று இருப்பவர் இன்னும் ஒரு அட்டை சேர்ந்தால் எதையாவது ஒன்றைத் தானாகவே கழித்துவிடுவார், அது பெரும்பாலும் வலியோ அறிகுறியோ தராத பிரஷர் மாத்திரையாகத்தான் இருக்கும். இரண்டாவது ஆபத்து இரட்டிப்பு. ஒரு அம்மா அரசு மாத்திரையாக டெல்மிசார்டனும் அம்லோடிபினும் போட்டுக்கொண்டு, மகன் கூட்டிப்போன இன்னொரு டாக்டர் எழுதிய, அதே இரண்டும் சேர்ந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டிருந்தார். நிறம் வேற, பேர் வேற, அது வேற மருந்துன்னு நினைச்சேன் என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

வழி 4: இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை

காம்பினேஷன் என்றால் ஏதோ முற்றிய நோய்க்கு என்று ஒரு பயம் இருக்கிறது. பழைய கதையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பிரஷரை இறக்கினால் உயிர் பிழைக்கும் என்று முதன்முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வே கூட்டு மருந்தில் நடந்ததுதான். அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையில் முன்னாள் ராணுவத்தினர் 143 பேர், எல்லோருக்கும் கீழ் பிரஷர் 115-க்கு மேல். 1967-இல் வந்த முடிவு: வெற்று மாத்திரை போட்டவர்களில் 27 பேருக்குப் பெரிய பாதிப்பு, மருந்து போட்டவர்களில் 2 பேருக்கு. அந்த மருந்து மூன்றின் கூட்டு, அதில் ஒன்று ரெசர்பின், நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது. சர்ப்பகந்தா பிரஷரை இறக்குகிறது என்று மேல்நாட்டு டாக்டர்கள் கவனிக்கும்படி 1949-இல் எழுதியவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல்.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இரண்டு மருந்து சேர்ந்த பிரஷர் மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, 2021 வழிகாட்டியில் ஆரம்பத்திலேயே கூட்டு மருந்து, முடிந்தால் ஒரே மாத்திரையாக, கொடுக்கலாம் என்றது. நம் நாட்டிலேயே 32 ஆஸ்பத்திரிகளில் 1,981 பேரை வைத்து டாப்ஸ்பின் என்ற ஆய்வு நடந்தது. அம்லோடிபின்-பெரிண்டோப்ரில், அம்லோடிபின்-இண்டாபமைடு (இது ஒரு நீர் மாத்திரை), பெரிண்டோப்ரில்-இண்டாபமைடு என்று மூன்று ஜோடி, மூன்றுமே ஒரே மாத்திரையாக. ஆறு மாதத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு பிரஷரை இறக்கின, சுமார் 70 சதவீதம் பேர் 140/90-க்குக் கீழே வந்தார்கள். நம் ஆட்களுக்கு எந்த ஜோடி சரி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். எந்த ஜோடி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட ஏதாவது ஒரு நல்ல ஜோடியை ஒழுங்காகப் போடுவது மேல்.

இனி இதன் தொந்தரவுகள். அளவு பூட்டிய அளவு, 40-5 (டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5) என்றால் 40-5தான். சில கம்பெனி மாத்திரை இரண்டு நிற அடுக்காக இருக்கும், அதை உடைத்து ஒரு நிறத்தை மட்டும் போடலாம் என்று யாரும் முயற்சி செய்ய வேண்டாம். அடுத்தது வால் எழுத்து. பெயர் ஒன்றாகவே இருக்கும், பின்னால் ஏஎம் என்றால் அம்லோடிபின், ஹெச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, சிடி என்றால் குளோர்தாலிடோன் (இரண்டும் நீர் மாத்திரை), எல்என் என்றால் சில்னிடிபின். போனில் "அந்த டெல்மிசார்டன் மாத்திரை ரெண்டு அட்டை குடுத்துவிடுங்க" என்று சொல்லிவிட்டால் நாங்கள் எதைக் கொடுப்பது? பழைய அட்டையை அனுப்புங்கள், அல்லது போட்டோ. விலையும் அப்படித்தான், அதே சேர்க்கை பிராண்டுக்கு பிராண்டு வெகுவாக மாறும். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே சேர்க்கை, அதே அளவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஈரப்பதம். டெல்மிசார்டன் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஞாயிறு, திங்கள் என்று ஏழு அறை உள்ள டப்பாவில் வாரத்துக்கு மொத்தமாகப் பிரித்துப் போட்டுவைத்தால் மழைக்காலத்தில் நசநசவென்று ஆகிவிடும். டப்பா வேண்டும் என்றால் அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, உறையோடு போட்டுவையுங்கள்.

யாருக்கு நல்லது? இரண்டு மருந்தின் டோஸும் ஒரு நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு, மாத்திரை எண்ணிக்கை அதிகமானவர்களுக்கு, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு. ஆரம்பத்திலேயே 160-க்கு மேல் இருப்பவர்களுக்கும் நேரடியாக இதில் தொடங்கலாம். எண்பது தாண்டி, மெலிந்து, எழுந்தால் தள்ளாடுகிறவர்களுக்கு மட்டும் அவசரம் வேண்டாம். அவர்களுக்கு ஒன்றில் தொடங்கி, உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் அளந்து பார்த்துத்தான் அடுத்தது.

வழி 5: மூன்று மருந்து, கொஞ்சம் கொஞ்சமாக

இதற்கான நல்ல ஆய்வு இலங்கையில் நடந்தது. ட்ரையம்ஃப் என்று பெயர், 2018-இல் வெளியானது, 700 பேர். டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5, எல்லாம் ஒரே மாத்திரையில், இன்னொரு பக்கம் வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் இலக்கைத் தொட்டவர்கள் 70 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். பக்க விளைவுக்காக மருந்தை விட்டவர்கள் பெரிதாகக் கூடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போய் நான்கு மருந்தைக் கால் கால் டோஸாகச் சேர்த்தார்கள். 591 பேரில், பன்னிரண்டு வாரத்தில் 76 சதவீதம் கட்டுக்குள் வந்தார்கள், இர்பெசார்டன் 150 மட்டும் போட்டவர்களில் 58.

படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மூன்று மருந்து மாத்திரை டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, நீர் மாத்திரை 12.5 என்ற அளவில்தான் வருகிறது. ஆய்வில் இருந்த குட்டி டோஸ் இல்லை அது. இரண்டு மருந்தில் அடங்காதவர்களுக்கு அது சரி. ஆய்வைப் படித்தேன், எனக்கும் மூன்று எழுதுங்கள் என்று புதிதாக ஆரம்பிப்பவர் கேட்டால் டாக்டர் சிரிப்பார்.

ஜோடிப் பொருத்தம்

டாப்ஸ்பின் ஜோடிகள் பிரஷர் எண்ணில் சமம் என்றாலும் ஆளுக்கு ஆள் பொருத்தம் மாறும். அட்டவணையில் போட்டால் இப்படி:

| ஜோடி | எங்கே நல்லது | எங்கே கவனம் |
|---|---|---|
| சார்டன் அல்லது ப்ரில் + அம்லோடிபின் | சுகர், இதய ஆபத்து உள்ளவர்கள், அம்லோடிபினால் கால் வீங்குபவர்கள் | பொட்டாசியம், கிட்னி. கர்ப்பத்தில் கூடாது |
| சார்டன் அல்லது ப்ரில் + நீர் மாத்திரை | உப்பு அதிகம் சேரும் உடம்பு, இதயம் பலவீனமானவர்கள் | வலி மாத்திரை, நீர் வற்றுதல். கர்ப்பத்தில் கூடாது |
| அம்லோடிபின் + நீர் மாத்திரை | சார்டனோ ப்ரில்லோ ஒத்துக்கொள்ளாதவர்கள் | சோடியம், பொட்டாசியம், கவுட் |
| மெட்டோப்ரோலால் (அட்டெனலால்) வகை + மேலே உள்ள ஏதாவது | மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி, துடிப்புக் கோளாறு | துடிப்பைக் குறைக்கும் வெராபமில், டில்டியாசெமோடு சேர்க்க வேண்டாம் |
| சார்டன் + ப்ரில் | சாதாரணப் பிரஷருக்கு எங்கேயும் இல்லை | சேர்க்கவே கூடாது |

முதல் ஜோடிக்குத்தான் என் ஓட்டு. முன்னால் சொன்ன மதகை டெல்மிசார்டன் திறந்துவிடுகிறது, அதனால் அம்லோடிபினின் கால்வீக்கம் குறைகிறது. ஒன்றின் குற்றத்தை இன்னொன்று மறைக்கிறது, நல்ல கல்யாணம் மாதிரி. 2008-இல் வந்த அக்காம்ப்ளிஷ் ஆய்வில் 11,506 பேர். பெனாசெப்ரிலோடு அம்லோடிபின் சேர்த்தவர்களில் 9.6 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரிப் பெரிய பாதிப்புகள் வந்தன, பெனாசெப்ரிலோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்த்தவர்களில் 11.8 சதவீதம். பிரஷர் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கியிருந்தும் இந்த வித்தியாசம். இதை வைத்து நீர் மாத்திரையே மட்டம் என்று முடிவுகட்ட முடியாது, அதில் குளோர்தாலிடோனோ இண்டாபமைடோ இருந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான்.

இரண்டாவது ஜோடியில் பொட்டாசியத்தை ஒன்று ஏற்றும், இன்னொன்று இறக்கும், தராசு நேராக நிற்கும். ஆனால் இதோடு வலி மாத்திரை சேர்ந்தால் கிட்னிக்கு மூன்று பக்கமும் அடி. பிரிட்டனில் 4,87,372 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் எழுதியதில், இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திடீர் கிட்னி பாதிப்பு 31 சதவீதம் கூடுதல், அதிலும் முதல் 30 நாளில்தான் உச்சம். ஹெச், சிடி என்று வால் எழுத்து உள்ள அட்டையோடு வருபவர் கூடவே "முட்டிக்கு ஒரு டைக்ளோ குடுங்க" என்றால் நான் கொடுப்பதில்லை. பாரசிட்டமால் தருகிறேன், சண்டை போடுகிறார்கள், பரவாயில்லை. நீர் மாத்திரையில் இன்னொன்று, வயதான பெண்களுக்குச் சோடியம் இறங்கும். அம்மா திடீரென்று சோர்ந்து, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல் சோடியம் பாருங்கள்.

மூன்றாவது ஜோடியை நம்மூரில் குறைவாகவே எழுதுகிறார்கள். ஆப்பிரிக்காவில் ஆறு நாடுகளில் 728 கறுப்பினத்தவரிடம் நடந்த கிரியோல் ஆய்வில், 2019, அம்லோடிபின் இருந்த இரண்டு ஜோடியும் முன்னால் நின்றன, பெரிண்டோப்ரிலும் நீர் மாத்திரையும் பின்தங்கின. ஆனால் இந்தியாவில் டாப்ஸ்பினில் மூன்றும் சமம். ஒரு நாட்டு முடிவை இன்னொரு நாட்டுக்கு அப்படியே ஒட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் கையில் இல்லை.

கடைசி வரி ஏன் அவ்வளவு கடுமை? டெல்மிசார்டனும் ராமிப்ரிலும் ஒரே பாதையை வேறு வேறு இடத்தில் அடைக்கின்றன, சேர்த்தால் இன்னும் நல்லது என்றுதான் டாக்டர்களும் எதிர்பார்த்தார்கள். 25,620 பேரை வைத்து நடந்த ஆன்டார்கெட் ஆய்வு 2008-இல் வந்தது. பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது, மாரடைப்போ மரணமோ குறையவில்லை, மயக்கமும் கிட்னிக் கோளாறும் கூடின. இரண்டு டாக்டர்களிடம் பார்ப்பவர்களிடம் இந்த ஜோடி தெரியாமலே சேர்ந்துவிடும், அதனால் உங்கள் அட்டைகளில் "சார்டன்" என்று முடிவது ஒன்றும் "ப்ரில்" என்று முடிவது ஒன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் சார்டன், ப்ரில் இரண்டையும் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். அவர்களுக்கு லேபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று பாதையே வேறு. மூன்று மருந்திலும் அடங்காதவர்களுக்கு நான்காவதாக ஸ்பைரோனோலாக்டோன் நன்றாக வேலை செய்கிறது என்று 2015-இல் பாத்வே-2 ஆய்வு காட்டியது, ஆனால் சார்டனோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும், அடிக்கடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

ஆரம்பித்த பிறகு

சார்டன், ப்ரில், நீர் மாத்திரை எது புதிதாகச் சேர்ந்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் டாக்டர் பொதுவாகப் பதற மாட்டார், நீங்களும் பதறி மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்த டெஸ்ட் காசையும் மாத்திரை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள், யாரும் போடுவதில்லை. பொட்டாசியம் கலந்த "லோ சோடியம்" உப்பு வாங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்லோடிபின் முழு வேலையைக் காட்ட ஒன்றிரண்டு வாரமாவது ஆகும், டெல்மிசார்டனுக்கு நாலு வாரம் வரை ஆகலாம், அதனால் மூன்றாவது நாள் அளந்துவிட்டு "இதுவும் வேலை செய்யல" என்று வர வேண்டாம். காலையா ராத்திரியா என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடந்த டைம் ஆய்வு 2022-இல் சொன்னது, இரண்டும் ஒன்றுதான். மறக்காத நேரம் எதுவோ அது.

அந்தக் கண்டக்டர் விஷயம் என்ன ஆயிற்று என்றால், வேறு ஒரு டாக்டர் அம்லோடிபினை மறுபடி 5 ஆக்கி, டெல்மிசார்டன் 40 தனியாகச் சேர்த்து, ஃபுரோசெமைடையும் சிரப்பையும் வலி மாத்திரையையும் நிறுத்தினார். இரண்டு மாதம் தனித்தனியாகப் போட்டு, ரத்தம் பார்த்து, அப்புறம்தான் ஒரே மாத்திரை. இப்போது பிரஷர் 132, 134 என்று நிற்கிறது, செருப்பு வார் போடுகிறார். ஆனால் பழைய அட்டைகளை வீட்டில் அப்படியே வைத்திருந்தார், ஒருநாள் கரன்ட் இல்லாத ராத்திரி பழையதையும் சேர்த்துப் போட்டுவிட்டார். ஆகவே மருந்து மாறினால் மிச்சமிருக்கும் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்து வாருங்கள், எது தொடரும் எது நிற்கும் என்று சீட்டைப் பார்த்து, நிற்பதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய கோடு போட்டுத் தருகிறோம். காசு வாங்க மாட்டோம்.